தி. நகரின் உள் தெருக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தி. நகரில் அமைதியான தெருவா? விளையாடுகிறீர்களா?

இல்லை, நிஜமாகத்தான். தி. நகர் என்றதும் எல்லோருக்கும் ரங்கநாதன் தெருவும் பாண்டி பஜாரும் தீபாவளிக் கூட்டமும்தான் ஞாபகத்துக்கு வரும், அதில் தப்பில்லை. ஆனால் பனகல் பார்க்கிலிருந்து வடக்கே பசுல்லா சாலை, திருமலைப் பிள்ளை சாலை பக்கமாக நடந்து, அங்கிருந்து கிளை பிரிகிற சின்னத் தெரு ஏதாவது ஒன்றில் திரும்பிப் பாருங்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு அங்கே கேட்கிற பெரிய சத்தம் யார் வீட்டிலோ ஓடுகிற தண்ணீர் மோட்டாராகத்தான் இருக்கும். ஊர் முழுக்க வந்து துணி வாங்குகிற பேட்டையில் இப்படியும் தெருக்கள் இருக்கின்றன என்பது சென்னைக்காரர்கள் பலருக்கே தெரியாது, ஏனென்றால் யாரும் அங்கே போவதில்லை. போகாததால்தான் அமைதி என்றும் சொல்லலாம்.

இந்தத் தெருக்கள் வருவதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது?

ஏரி. நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே சைதாப்பேட்டைப் பக்கம் வரை, மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே வளைந்து கிடந்த பெரிய நீர்ப்பரப்பு. வெள்ளைக்காரர்கள் அதை லாங் டேங்க் என்றார்கள், படகுப் போட்டிகூட நடத்தினார்கள். 1920-களின் தொடக்கத்தில் நகரத்துக்கு வீட்டுமனை போதவில்லை. 1920-ல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது, நீதிக்கட்சி ஆட்சி நடந்துகொண்டிருந்தது, ஏரியை வடித்து மனை போடலாம் என்று முடிவாயிற்று. 1923-லிருந்து வேலை நடந்து, நடுவில் ஒரு பூங்கா, அதிலிருந்து ஆரம் ஆரமாகப் பிரியும் பெரிய சாலைகள், அவற்றுக்கு இடையில் குறுக்கும் நெடுக்கும் குடியிருப்புத் தெருக்கள் என்று ஒரு ஊரையே காகிதத்தில் வரைந்து, பிறகு தரையில் இறக்கினார்கள்.

ஏரியின் தடயம் வேண்டுமென்றால் பெயர்களில் தேடுங்கள். நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு என்று ஒன்று இருக்கிறது, லேக் ஏரியா என்றே ஒரு குடியிருப்பு இருக்கிறது, மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. அந்த ரோட்டில் நின்றால் எதிர் வீட்டு பால்கனிதான் தெரியும்.

தெருப் பெயர்களில் இருக்கிறவர்கள் எல்லாம் யார்?

பெரிய சாலைகளைப் பொறுத்தவரை, பாதிக்கு மேல் நீதிக்கட்சிக் காலத்து ஆட்கள். பேட்டையே பிட்டி தியாகராயர் பெயரில் இருக்கிறது. அவர் கட்சியின் நிறுவனர்களில் ஒருவர், மாநகராட்சித் தலைவராக இருந்தவர், இந்த மனைகள் உருவாகிக்கொண்டிருந்த 1925-ல் காலமானார். பனகல் பார்க், 1921 முதல் 1926 வரை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்த பனகல் அரசர் பெயரில். நடேசன் பூங்கா, கட்சியைத் தொடங்கிய மூவரில் இன்னொருவரான டாக்டர் சி. நடேச முதலியார் பெயரில். உஸ்மான் சாலைக்குப் பெயர் கொடுத்த முகமது உஸ்மான் 1934-ல் சென்னை மாகாணத்துக்குத் தற்காலிக ஆளுநராக இருந்தவர், அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர். தணிகாசலம் சாலையும் அந்த வட்டாரத்து ஆள்தான். பாண்டி பஜாருக்கும் பாண்டிச்சேரிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, அது டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் பெயரிலிருந்து சுருங்கி வந்தது.

ஆக, ஒரு காலகட்டத்து அரசியலின் வருகைப் பதிவேடு மாதிரி இருக்கிறது இந்த வரைபடம். இதைத் தெரிந்துகொண்டு நடந்தால் சாதாரணமாக பால் வாங்கப் போவதுகூடக் கொஞ்சம் சுவாரசியமாகிவிடும்.

பலகையில் ஒரு பெயர், ஆட்டோக்காரர் சொல்வது வேறு பெயர். எது சரி?

இரண்டும். ஹென்ஸ்மன் ரோடு கண்ணதாசன் சாலை ஆனது, அவர் அங்கே குடியிருந்ததால். கிரிஃபித் ரோடு மகாராஜபுரம் சந்தானம் சாலை ஆனது. போக் ரோடு செவாலியே சிவாஜி கணேசன் சாலை ஆனது. ஆனால் நாற்பது வருஷமாகக் குடியிருக்கிறவர்களிடம் வழி கேட்டால் இன்னும் போக் ரோடு என்றுதான் சொல்வார்கள், ஆட்டோவும் அதற்குத்தான் வரும்.

இது போதாதென்று, எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்தில் தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பட்டங்களை எடுக்க முடிவு செய்தார்கள். பலகையில் எடுத்தார்கள், வாயிலிருந்து எடுக்க முடியவில்லை. ஜி.என். செட்டி ரோடு இன்றைக்கும் பேச்சில் ஜி.என். செட்டி ரோடுதான். இந்த முயற்சி நல்ல முயற்சி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பட்டத்தை மட்டும் வெட்டிவிட்டு இனிஷியலை விட்டுவைத்தால் யாருடைய பெயர் என்றே தெரியாமல் போகிறது. பலகையில் இரண்டு வரி, அவர் யார், என்ன செய்தார் என்று எழுதி வைத்தால் என்ன செலவாகிவிடப் போகிறது?

வீட்டு எண் ஏன் இரண்டு இருக்கிறது?

மாநகராட்சி ஒருமுறை எண்களை மாற்றியது. புது எண் வந்தது, பழைய எண் போகவில்லை. முகவரியில் இரண்டையும் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கூரியர் வேறு வீட்டு மாடிக்குப் போய்விடும்.

ஒரே திட்டத்தில் பிறந்த தெருக்கள்தானே, ரங்கநாதன் தெரு ஏன் அப்படி, இது ஏன் இப்படி?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ரங்கநாதன் தெருவும் ஒரு காலத்தில் வீடுகள் மட்டும் இருந்த தெருதான், திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்த தெருதான், அங்கே வளர்ந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். வித்தியாசம் ரயில். 1931-ல் பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது, மாம்பலம் ஸ்டேஷன் வாசலிலிருந்து உஸ்மான் சாலைக்கு வருகிற நேர்வழி அந்தத் தெரு. தினமும் அவ்வளவு கால்கள் கடக்கிற இடத்தில் முதலில் ஒரு பெட்டிக்கடை வரும், அப்புறம் வீட்டின் முன்னறை கடையாகும், அப்புறம் வீடே கடையாகும். யாரும் திட்டமிடவில்லை, நடைபாதைக் கணக்கு அது.

உள் தெருக்கள் தப்பித்ததற்குக் காரணமும் அதேதான், தலைகீழாக. எங்கிருந்தும் எங்கும் போவதற்கு அவை குறுக்கு வழி இல்லை. ஒரு முனை வேறொரு வீட்டுத் தெருவில் முடியும், இன்னொரு முனையில் திரும்பினால் மறுபடி அதே பெரிய சாலைக்குத்தான் வருவீர்கள். பஸ் போக அகலம் போதாது. இந்த அமைதியை அங்கே குடியிருக்கிறவர்களின் பண்பாட்டுக்கு அடையாளமாகச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். ரங்கநாதன் தெருக்காரர்களும் பண்பானவர்கள்தான், ஸ்டேஷன் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு விளைவும் உண்டு. ஏதாவது ஒரு செயலி இந்தத் தெருவைக் குறுக்கு வழி என்று காட்டத் தொடங்கினால் போதும், அமைதி போய்விடும். பனகல் பார்க் பக்கம் மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிப் போக்குவரத்தைத் திருப்பிவிட்டபோது சில தெருக்கள் இதை அனுபவித்தன.

பழைய வீடுகள் எப்படி இருந்தன?

மனைகள் கிரவுண்டு கணக்கில் விற்கப்பட்டன. ஒரு கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி. உள் தெருக்களில் ஒன்று, ஒன்றரை, இரண்டு கிரவுண்டு. பெரிய சாலைகளில் அதற்கும் மேல். தெருவை ஒட்டிக் காம்பவுண்டு சுவர், இரும்பு கேட், உள்ளே ஒரு போர்ட்டிகோ, அதற்கு மேலே வளைந்த பால்கனி. 1930-களிலும் 40-களிலும் கட்டியவற்றில் ஆர்ட் டெக்கோ சாயல் தெரியும்: வட்டமான முனைகள், சுவரில் கிடைமட்டமாக மூன்று கோடுகள், ஜன்னல் கிரில்லில் உதிக்கிற சூரியன்.

உள்ளே போனால் காவி நிற ரெட் ஆக்சைடு தரை. இதை இன்னும் வைத்திருக்கிற வீட்டில் வெறுங்காலில் நடந்து பாருங்கள். ஏப்ரல் மாதம்கூட ஜில்லென்று இருக்கும், வருஷக்கணக்காகத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பு ஏறி முகம் தெரியும், நடுவில் எங்காவது ஒரு மயிரிழை விரிசல் ஓடும், அதை அந்த வீட்டார் யாரும் குறையாகச் சொல்ல மாட்டார்கள். கூரை மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்தரங்களை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் சின்னச் செங்கற்களை நெட்டுக்குத்தாகச் சாய்த்து, சுண்ணாம்புக் கலவையில் பிடித்து ஏற்றியது. உயரமான கூரை, மேலே காற்றுப் போக வென்டிலேட்டர். பின்னால் கிணறு, துணி துவைக்கிற கல், முருங்கையோ மாமரமோ, ஒரு மூலையில் அவுட்ஹவுஸ்.

அப்படியென்றால் அந்த வீடுகள் எங்கே போயின?

இடித்துவிட்டார்கள். 1980-களிலிருந்து இது ஒரே சீராக நடந்துவருகிறது. வழக்கமான கதை: வீட்டைக் கட்டியவர் போய்விடுவார், மனை நான்கு பிள்ளைகளுக்குப் பொதுவாகும், அதில் இரண்டு பேர் வெளிநாட்டில் இருப்பார்கள், வீட்டை நான்காகப் பிரிக்க முடியாது. பில்டர் ஒருவர் வருவார். ஜாயிண்ட் வென்ச்சர் போடுவார்கள், ஆளுக்கொரு ஃபிளாட், மிச்சம் பில்டருக்கு. எல்லோரும் திருப்தி. இடிக்கிறபோது முதலில் போவது தேக்குக் கதவும் உத்தரமும், அவற்றுக்கு நல்ல விலை உண்டு.

இதைக் கேட்டுவிட்டுப் பில்டரைத் திட்டுவது சுலபம். ஆனால் ஒரு பழைய வீட்டை வைத்துப் பராமரிக்கிறவர் படுகிற பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் அவ்வளவு சுலபமாகத் திட்ட மாட்டார்கள். சுண்ணாம்புக் கூரையில் ஒழுகினால் சரிசெய்யத் தெரிந்த கொத்தனார் கிடைப்பதில்லை, சிமெண்ட் வைத்துப் பூசினால் இன்னும் மோசமாகும்.

இப்போது இரண்டாவது சுற்று நடக்கிறது. அன்றைக்குக் கட்டிய மூன்று மாடி ஃபிளாட்டுகளே பழையதாகி இடிபடுகின்றன. தமிழ்நாட்டின் 2019 கட்டிட விதிகளில் தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு, 1.5-லிருந்து 2 ஆனது. ஆக, ஒரு கிரவுண்டில் கணக்குப்படி 4,800 சதுர அடி வரை கட்டலாம், சாலை அகலமும் கட்டிடத்தைச் சுற்றி விட வேண்டிய காலியிடமும் இடம் கொடுத்தால். 18.30 மீட்டர் உயரம் வரை ‘ஹைரைஸ்’ எனப்படும் உயரமான கட்டிட வகையில் சேராது. 2022-ல் கொண்டுவந்த அடுக்குமாடி உரிமைச் சட்டத்தில், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் இடித்துக் கட்டலாம் என்று வந்துவிட்டது. முன்பெல்லாம் ஒரே ஒருவர் மாட்டேன் என்றால் கட்டிடம் அப்படியே நிற்கும்.

பழைய வீடு ஏன் ரோட்டை விடப் பள்ளத்தில் இருக்கிறது?

வீடு இறங்கவில்லை, ரோடு ஏறிவிட்டது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தாரைப் போட்டுக்கொண்டே வந்ததால் வந்த வினை. தெருவில் மிஞ்சியிருக்கிற பழைய வீட்டு வாசலில் நின்று கவனியுங்கள். கட்டும்போது தெருவிலிருந்து படியேறி உள்ளே போயிருப்பார்கள். இப்போது கேட்டைத் திறந்ததும் சரிவில் இறங்குகிறோம். கேட்டின் அடிப்பாகத்தை வெட்டியிருப்பார்கள், இல்லாவிட்டால் தாரில் இடிக்கும். வாசலில் மழைத் தண்ணீர் வராமலிருக்க ஒரு சிமெண்டு மேடு கட்டியிருப்பார்கள், அதன் மேல் வண்டி ஏற இன்னொரு சரிவு. பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறது. ரோடு போடுகிற ராத்திரியில் தெருக்காரர் யாராவது விழித்திருந்து கேட்டால் அது இன்னும் நன்றாக அமலாகும்.

மழையில் தண்ணீர் நிற்குமா?

நிற்கும். ஏரித் தரையில் மழை பெய்தால் வேறு என்ன ஆகும்? 2015 டிசம்பரில் நின்றது, 2021 நவம்பரில் நாள் கணக்கில் நின்றது. இந்தப் பகுதித் தண்ணீர் போக வேண்டிய வழி மாம்பலம் கால்வாய், அது நந்தனம் பக்கம் அடையாற்றில் போய்ச் சேர்கிறது. அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் தனக்குப் பழக்கமான இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். எல்லாத் தெருவும் ஒன்றுபோல இல்லை, ஒரு தெருவின் கிழக்கு முனை காய்ந்திருக்க மேற்கு முனையில் முழங்கால் தண்ணீர் நிற்பதும் உண்டு. வாடகைக்கு வருகிறவர்கள் வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். எதிர் வீட்டு வாட்ச்மேனிடம் கேளுங்கள், சுவரில் எதுவரை ஏறியது என்று கையாலேயே காட்டிவிடுவார்.

இதில் வேடிக்கை, அதே தெருக்கள் 2019 கோடையில் மெட்ரோ வாட்டர் தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்தன. 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள், குழாயெல்லாம் இருக்கிறது. அது இறங்குகிற குழியை கடைசியாகத் தூர் வாரியது எப்போது என்று உங்கள் அசோசியேஷனில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பிரபலங்கள் யாராவது இருந்தார்களா?

ராஜாஜி பசுல்லா சாலையில் இருந்தார். காமராஜர் திருமலைப் பிள்ளை சாலையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார், 1975 அக்டோபர் 2-ம் தேதி அங்கேயே காலமானார். அந்த வீடு இப்போது நினைவு இல்லம், உள்ளே போய்ப் பார்க்கலாம். ஒன்பது வருஷம் முதலமைச்சராக இருந்தவரின் வீடு எவ்வளவு சாதாரணமாக இருந்தது என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள்; எனக்கு அதைவிட, அந்தக் காலத்துத் தி. நகர் வீடு ஒன்று இடிபடாமல் நிற்கிறதே என்பதுதான் பெரிதாகத் தெரிகிறது. எம்.ஜி.ஆர். நினைவு இல்லம் ஆற்காடு தெருவில். சிவாஜியின் அன்னை இல்லம் மேலே சொன்ன போக் ரோட்டில். கோடம்பாக்கம் ஸ்டுடியோக்கள் பக்கத்தில் என்பதால் சினிமாக்காரர்கள் வந்தார்கள், வாணி மகாலும் கிருஷ்ண கான சபாவும் இருப்பதால் சங்கீதக்காரர்கள் வந்தார்கள்.

இப்போது ஒரு நாள் எப்படி இருக்கும்?

ஐந்தரைக்கு ஆவின் பால், பேப்பர். ஆறு மணிக்கு வாசல் தெளித்துக் கோலம். ஃபிளாட் வந்த பிறகு ஒரு கட்டிடத்துக்கு ஒரே கோலம்தான், அதுவும் வாட்ச்மேன் மனைவி போடுவது. எட்டு மணியிலிருந்து ஒன்பதே கால் வரை பள்ளி வேன்கள், அந்த நேரத்தில் மட்டும் இது அமைதியான தெரு இல்லை. அப்புறம் வேலைக்கு வருகிறவர்கள் ஷேர் ஆட்டோவில் இறங்கி வீடு வீடாகப் பிரிவார்கள். மரத்தடியில் இஸ்திரி வண்டி. தெருவில் யார் ஊரில் இல்லை, யார் வீட்டுக்கு மாப்பிள்ளை வந்திருக்கிறார், எந்த வீடு விலைக்கு வருகிறது, எல்லாம் இஸ்திரிக்காரருக்குத் தெரியும், ஆனால் அவராகச் சொல்ல மாட்டார்.

பகல் முழுக்க வயதானவர்களின் தெரு. பிள்ளைகள் அமெரிக்காவில், அம்மா அப்பா இங்கே மூன்று படுக்கையறை ஃபிளாட்டில். சாயங்காலம் டெலிவரி வண்டிகள். முன்னால் தெருவில் கிரிக்கெட் ஆடுகிற சத்தம் இருக்கும். இன்றைக்கு ஆடுவதற்குப் பையன்கள் இருந்தாலும் இடமில்லை, இரண்டு பக்கமும் கார்.

கார் நிறுத்த இடம் கிடைக்குமா?

கிடைக்காது. ஆடி மாதத்திலும் தீபாவளிக்கு முந்தின வாரங்களிலும் உங்கள் சொந்த கேட்டுக்கு முன்னாலேயே கிடைக்காது. உஸ்மான் சாலைக்குத் துணி எடுக்க வருகிறவர்கள் இங்கே விட்டுவிட்டு நடந்து போவார்கள். ‘கேட்டுக்கு முன் வண்டி நிறுத்தாதீர்கள், மீறினால் காற்று பிடுங்கப்படும்’ என்ற பலகை ஒவ்வொரு வீட்டிலும் தொங்கும், யாரும் பிடுங்குவதில்லை. கடைகளைவிட இந்தத் தெருக்களை மாற்றியது கார்தான் என்பது என் கட்சி. ஃபிளாட்டின் தரைத்தளம் கார் நிறுத்தமானபோதே வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிற ஆள் இல்லாமல் போய்விட்டார்.

மரங்கள் உண்டா?

தூங்குமூஞ்சி, புங்கை, வேம்பு, மஞ்சளாகக் கொட்டுகிற பெருங்கொன்றை. 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் நிறைய மரங்களைச் சாய்த்துவிட்டது. வேரைச் சுற்றி ஒரு கை மண்கூட விடாமல் சிமெண்ட் போட்டிருந்ததும் அதற்கு உதவியது. அப்புறம் வைத்தவை இப்போதுதான் நிழல் தர ஆரம்பித்திருக்கின்றன.

பக்கத்து வீட்டில் ஆபீஸ் வைத்திருக்கிறார்கள், வைக்கலாமா?

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் 2008 முழுமைத் திட்டத்தில் ஒவ்வொரு மனைக்கும் ஒரு வகை குறித்திருக்கிறார்கள்: முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம் என்று. உங்கள் மனை எதில் வருகிறது என்பதைப் பொறுத்து அனுமதி மாறும். நான் பார்த்தவரை ஆடிட்டரும் பல் டாக்டரும் வந்தால் தெரு கெடுவதில்லை, ஆறு மணிக்குப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கோச்சிங் கிளாஸ் வந்தால் நூறு பைக் வரும்.

என் வீட்டின், தெருவின் பழைய கதையை எங்கே தேடுவது?

வீட்டிலிருந்தே தொடங்குங்கள். மூலப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள், அதில் மனை எண், டவுன் சர்வே எண், பிளாக் எண், நான்கு எல்லையிலும் யார் யார் என்பது வரை இருக்கும். பக்கத்து மனைக்காரர்களின் பெயரைக் குறித்துக்கொண்டாலே பாதித் தெரு கைக்கு வந்துவிடும். பத்திரம் வங்கியில் இருந்தால் நகல் கேளுங்கள். வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம், பெரும்பாலும் 1975-லிருந்து கிடைக்கும். அதற்கு முந்தியவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட வேண்டும். ஏரியை மனையாக்கிய காலத்து அரசாணைகளுக்கு எழும்பூரில் இருக்கிற தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அடையாள அட்டையோடும் பொறுமையோடும் போங்கள்.

காகிதத்துக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. தெருவில் எண்பது வயதைத் தாண்டிய மாமியோ தாத்தாவோ இருந்தால் இந்த வாரமே போய்ப் பேசுங்கள். கல்யாண ஆல்பம் கேளுங்கள். அந்தக் காலத்தில் வாசலில் நிற்க வைத்துத்தான் படம் எடுப்பார்கள், பொண்ணு மாப்பிள்ளைக்குப் பின்னால் எதிர் வீடு முழுசாகத் தெரியும்.